நாவற்கிளை ஊன்றிய நங்கை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வளப்படுத்தும் கள்ளக்குறிச்சிச் சமவெளியைச் சுற்றி மூன்று ஊர்கள் தமிழகச் சமய வரலாற்றின் மூன்று ஏடுகளைப்போல் அமைந்துள்ளன. மலைத்தொடரின் தென்புறத்தில், சேலம் மாவட்டத்துத் தலைவாசலை அடுத்துள்ளது தியாகனூர். அமர்ந்த கோலத்தில் அங்குள்ள புத்தர் திருவுருவங்களை ஊரார் இன்றும் போற்றி வருகின்றனர். கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில், இன்று திருநறுங்குன்றம் என வழங்கும் திருநறுங்கொண்டை உள்ளது. அங்கே குன்றின்மேல் பார்சுவநாதர், அப்பாண்டைநாதர் என்னும் பெயருடன் எழுந்தருளியிருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகள் அப்பள்ளியின் பழமைக்குச் சான்று கூறுகின்றன. அதே பகுதியில்தான் சுந்தரர் பிறந்த திருநாவலூரும் உள்ளது. அவ்வூரின் தலமரம் நாவல்; ஊர்ப்பெயரிலும் அம்மரமே நிற்கிறது.

புத்தம், சமணம், நாவல் என்னும் மூன்று சொற்களையும் ஒருங்கே கேட்ட அளவில் தமிழிலக்கியம் பயின்றோர் நெஞ்சில் எழும் பெயர் ஒன்று உண்டு. அது குண்டலகேசி. இவ்வூர்களுக்கும் அவளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அவள் மகத நாட்டு இராசகிருகத்தில் பிறந்தவள். எனினும் அவள் எந்தச் சமயத்திற் புகுந்தாளோ, எதனை விட்டு வெளியேறினாளோ, எதனைக் கையிலேந்தி நாடு சுற்றினாளோ, அவை யாவும் இந்நிலத்தில் வேரூன்றியிருந்தன. அவள் பெயரால் ஒரு பெருங்காப்பியம் தமிழில் எழுந்ததற்கும், பின்னர் அது மறைந்ததற்கும் இத்தகைய ஊர்களின் வரலாறே பின்புலம்.

ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களை வரிசைப்படுத்தும்போது குண்டலகேசியை நாம் சொல்லிச் செல்கிறோம். கதையைக் கேட்டால், கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளியவள் என்கிறோம். மேலும் கேட்டால், வாதில் வல்லவள் என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வரலாறு பெரிதும் பேசப்படுவதில்லை. மாடத்துள் காவலிட்டு வளர்க்கப்பட்ட பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கடுமையான நோன்புடைய ஒரு துறவுக் குழுவிற் புகுந்து, அதன் நூல்களையெல்லாம் கற்று, பின்னர் அதனையும் விட்டு வெளியேறித் தன்னைத் தேடி நடந்த வரலாறு அது. அதனை ஈண்டுத் தனியே எடுத்து நோக்குவது தகும்.

மூன்று சான்றுகள்

குண்டலகேசியைப்பற்றி அறிவதற்கு மூன்று அடுக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையது பாலி மொழியிலுள்ள ‘தேரிகாதை’. பௌத்தத் துறவுப் பெண்டிர் பாடியனவாகக் கருதப்படும் பாடல்களின் தொகுதி அது, 1883இல் அச்சேறியது. அதில் பத்தா (வடமொழியில் பத்திரை) என்னும் பெயரால் ஐந்து பாடல்கள் உள்ளன. அடுத்தவை, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் தேரிகாதைக்கும் தம்மபதத்திற்கும் எழுந்த உரைகள். தேரிகாதைக்கு உரை வகுத்த தம்மபாலர் தமிழகக் கடற்கரையைச் சார்ந்த பதரதித்த விகாரையில் வாழ்ந்தவர் என்று பௌத்த மரபு கூறும். எனவே அவள் கதை பாலியில் விரித்தெழுதப்பட்ட காலத்திலேயே தமிழ் மண்ணின் காற்று அதன்மீது வீசியிருத்தல் கூடும். மூன்றாவது, தமிழில் நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசியின் எஞ்சிய பகுதிகளும், அதனை மறுக்க எழுந்த நீலகேசியும், அந்நூலுக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வகுத்த உரையும் ஆகும்.

இம்மூன்று அடுக்குகளையும் வேறு வேறாகப் பிரித்து வாசித்தால் ஓர் உண்மை புலப்படும். பிறர் அவளைப்பற்றிச் சொல்லியதும், அவள் தன்னைப்பற்றிச் சொல்லியதும் ஒன்றல்ல.

மாடத்துக் காவல்

உரைகள் கூறும் கதை வருமாறு. இராசகிருகத்துப் பெருவணிகர் ஒருவருக்கு ஒரே மகளாகப் பிறந்தவள் பத்திரை. பதினாறு வயதடைந்தபோது பெற்றோர் அவளை ஏழடுக்கு மாளிகையின் மேல்தளத்தில் ஒரே ஒரு பணிப்பெண்ணுடன் இருத்தினர். செல்வத்திற்குக் குறைவில்லை; வெளியுலகம் மட்டும் சாளரத்தின் அளவிற்குச் சுருங்கியது. அச்சாளரத்தின் வழியே ஒருநாள், கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படும் கள்வன் ஒருவனைக் கண்டாள். அவனையன்றி உயிர்வாழேன் என்று கிடந்தாள். தந்தை காவலர்க்கு ஆயிரம் பொன் கையூட்டாகத் தந்து அவனை மீட்டு மணமுடித்து வைத்தார்.

இவ்விடத்தை வாசிப்போர் பலரும் அவளது அறியாமையைக் கண்டு நகைப்பர். ஆயினும் காதலிக்கத்தக்கவரையும் தகாதவரையும் பிரித்தறியும் வாய்ப்பே வழங்கப்பெறாத ஒரு பெண், சாளரத்திற் கண்ட முதல் முகத்தை உலகம் என்று எண்ணியதில் வியப்பில்லை. காவல் அவளைக் காக்கவில்லை. ஆய்ந்தறியும் பழக்கத்தையே அவளிடமிருந்து பறித்தது. உரைகாரர் இதனை வெளிப்பட உரைக்கவில்லை எனினும், அவர் அமைத்த கதை இதனையே காட்டுகிறது.

மணந்த சின்னாளில் அக்கள்வன் அவள் அணிகலன்கள்மீது கண்வைத்தான். மலைத்தெய்வத்திற்கு நேர்ந்த படையலைச் செலுத்த வேண்டுமெனக் கூறி, கள்வரைத் தள்ளும் பாறைக்கு அவளை அழைத்துச் சென்றான். அவன் உள்ளத்தை அவ்விடத்தில்தான் அவள் அறிந்தாள். இறுதியாக ஒருமுறை வலம்வந்து வணங்குவதாகக் கூறி, பின்னே சென்று அவனைத் தள்ளினாள்.

நீலகேசி உரைவழி நாம் அறியும் தமிழ்க் கதையில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கணவன் பெயர் காளன். ஊடற்காலத்தில், நீ கள்வன் அல்லையோ என்று அவள் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் அவன் நெஞ்சிற் தைத்தது. அதுவே கொலை எண்ணமாக வளர்ந்தது. பாலிக் கதையில் பொன்னாசை செய்ததைத் தமிழ்க் கதையில் ஒரு சொல் செய்கிறது. அகத்திணை மரபில் ஊடல் என்பது அன்பை வளர்க்கும் வாயில். அவ்வாயிலே கொலைக்கு வாயிலாயிற்று என்று மாற்றி அமைத்த புலவரின் திறம், காப்பியம் முழுமையும் கிடைத்திருந்தால் எவ்வளவு ஒளிர்ந்திருக்கும் என்னும் ஏக்கத்தையே தருகிறது.

வேறு கதவு இல்லாதவள்

பாறையினின்று இறங்கிய பத்திரை ஏன் தன் இல்லத்திற்குத் திரும்பவில்லை? தம்மபத உரை இதற்கு நுட்பமான விடை தருகிறது. கணவன் எங்கே என்று கேட்பார்கள். கொன்றேன் என்றால் நாவினாலேயே குத்துவர். ஆயிரம் பொன் கொடுத்து மீட்டவனைக் கொன்றாயோ என்பர். அவன் என்னைக் கொல்ல முயன்றான் என்றாலோ நம்பமாட்டார். இவ்வாறு அவள் எண்ணியதாக உரை கூறுகிறது. உண்மையைச் சொன்னாலும் நம்புவாரில்லை என்பதே ஒரு பெண் வீடு திரும்பாமைக்குக் காரணம் என்று பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் உரைகாரர் எழுதிவைத்தமை கருதத்தக்கது.

ஆகவே அவள் துறவு மேற்கொண்டது தேர்ந்து செய்த செயல் அன்று. வேறு கதவுகள் எல்லாம் அடைபட்டிருந்தன. துறவுப் பள்ளியின் கதவு ஒன்றே திறந்திருந்தது. தேரிகாதை உரை அவள் நிகண்டரிடம், அதாவது சமணத் துறவியரிடம், சேர்ந்ததாகக் கூறுகிறது. எந்த முறையில் துறவு வேண்டும் என்று அவர்கள் கேட்க, உங்கள் நெறியில் மிக உயர்ந்தது எதுவோ அது என்றாளாம். பனங்கருக்கால் ஆகிய சீப்பினால் அவள் தலைமயிரைப் பறித்தனர். மீண்டும் முளைத்த மயிர் குண்டலம்போல் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி ஆயினாள். காப்பியத்தின் பெயர் அழகிய கூந்தலை நினைவூட்டுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது வேரோடு களையப்பட்டும் மீண்டும் வளர்ந்த ஒன்றின் பெயர்.

பௌத்த நூல்கள் சமணரைப்பற்றிக் கூறுவனவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதையும் இங்குச் சொல்லுதல் வேண்டும். தலைமயிர் களைதல் சமணத் துறவியர் இன்றும் போற்றும் நோன்பு. உடற்பற்றை வெல்லும் பயிற்சியாக அவர்கள் அதனைக் கருதுகின்றனர். மேலும் பெண்டிர் கற்கவும் கற்பிக்கவும் இடம் தந்த அமைப்புகளுள் சமணப் பள்ளிகள் தலையாயவை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே கல்லெழுத்துச் சான்று உண்டு. வந்தவாசிக்கு அண்மையிலுள்ள வேடால் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழனது 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அஃதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவியையும் அவர்தம் ஐந்நூறு மாணாக்கியரையும் அது குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் நானூறு தவப்பெண்டிர்க்கும் இடையே மாறுபாடு எழுந்தமையால், குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிப்பதாக ஊரார் உறுதி அளித்தனர். ஆசிரியரைக் குரவர் என்பது போல ஆசிரியையைக் குரத்தி என வழங்கிய சொல்லே, பெண் ஆசிரியர் ஒரு மரபாக விளங்கியமையைக் காட்டுகிறது.

அக்கல்வெட்டிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, கற்கும் பெண்டிர் நூற்றுக்கணக்கிற் கூடிவாழ்ந்த குழுக்கள் வடதமிழகத்தில் கற்பனை அல்ல, உண்மை. மற்றொன்று, அக்குழுக்களுக்குள்ளும் கருத்து மாறுபாடும் பிளவும் இருந்தன. குண்டலகேசியின் கதையைக் கேட்ட தமிழர்க்கு, துறவுக் குழுவிற் புகுதலும் அதனோடு மாறுபடுதலும் தம் அண்டை ஊர்களிற் காணத்தக்க நிகழ்ச்சிகளாகவே இருந்திருக்கும்.

வெளியேற்றம்

இனி அவள் வெளியேறிய இடம். இங்கே உரைகள் இரண்டும் முரண்படுகின்றன. தம்மபத உரை அவளை நிகண்டரிடம் சேர்ப்பதில்லை. ஊர்சுற்றும் துறவியராகிய பரிவிராசகரிடம் சேர்க்கிறது. ஆயிரம் வாதப் பொருள்களை அவளுக்குக் கற்பித்த ஆசிரியரே, இனி நாடெங்கும் சென்று உனக்கு நிகரானவரைத் தேடு என்று நாவற்கிளையைக் கையிற் கொடுத்து அனுப்பினராம். தேரிகாதை உரையோ அவள் சமணரிடம் இருந்து கற்கத்தக்கவற்றை எல்லாம் விரைந்து கற்றாள் என்றும், இவர்கள் அறிந்தது இவ்வளவே, இதற்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு தானே வெளியேறினாள் என்றும் கூறுகிறது.

அனுப்பப்பட்டாளா, வெளியேறினாளா என்னும் வினா சிறிதன்று. முதற்கதையில் அவள் ஒரு குழுவின் தூதுவள். இரண்டாம் கதையில் எக்குழுவையும் சாராத தனியள். அவளுடைய முந்தைய வெளியேற்றங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையின் மாடத்தினின்று காதல் அவளை வெளியேற்றியது. கணவனிடமிருந்து உயிரச்சம் வெளியேற்றியது. துறவுக்குழுவினின்று வெளியேறியபோது மட்டும் அவளைப் பின்னிருந்து தள்ளியவர் யாரும் இலர். அங்கே அவளுக்கு உணவிருந்தது, உறைவிடம் இருந்தது, மதிப்பும் இருந்தது. கற்கவேண்டிய ஒன்று இல்லாமை ஒன்றே குறை. அக்குறைக்காக அத்தனையையும் விட்டு நடந்தாள் என்று தம்மபாலர் கூறும் செய்தி, அவளது வாழ்வின் நடுநாயகமாக விளங்குகிறது.

அவள் ஊர்தோறும் சென்று, ஊர்வாயிலில் மணலைக் குவித்து, அதன்மேல் நாவற்கிளையை ஊன்றுவாள். தன்னோடு வாதிட விரும்புவோர் இக்கிளையை மிதித்து வீழ்த்துக என்று அருகில் விளையாடும் சிறுவரிடம் சொல்லிவைப்பாள். ஏழுநாள் வரை கிளை வீழாமல் நின்றால் அதனை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவாள். வாடிய கிளைக்கு மாற்றாகப் புதிய கிளை ஒடித்துக்கொள்வாள். இடுதேளிட்டு விளக்கமும் பெயர்ப்பலகையும் இல்லாத காலத்தில், ஒரு பெண் தன் அறிவை ஊரறிய முன்வைத்த முறை இது. மாடத்தின் மேல்தளத்தில் வைத்துக் காக்கப்பட்டவள், ஊரின் வாயிலில், எவரும் மிதிக்கத்தக்க உயரத்தில் தன் அறைகூவலை நட்டுவைத்தாள். இக்காலத்தில் அவளுக்குத் தந்தையின் குடிப்பெயரும் இல்லை, கணவன் பெயரும் இல்லை, சங்கத்தின் பெயரும் இல்லை. தம்மபத உரை அவளை நாவல் பரிவிராசகி என்னும் பொருள்படவே குறிக்கிறது. அவள் தானே தேடிக்கொண்ட பெயர் அது.

ஒரு வினா

சாவத்தி நகர வாயிலில் ஊன்றிய கிளையைச் சாரிபுத்தர் சிறுவர்களைக்கொண்டு வீழ்த்தச் செய்தார். நகரமக்கள் கூடினர். அவள் கேட்ட வினாக்கள் அனைத்திற்கும் அவர் விடை கூறினார். பின்னர் அவர் கேட்ட ஒரே வினா, ஒன்று என்பது யாது என்பது. ஆயிரம் வாதங்களைக் கற்றவள் விடையறியாது நின்றாள்; அறியேன் என்று வெளிப்படக் கூறினாள்.

இதனைத் தோல்வி என்றே மரபு பதிவு செய்துள்ளது. ஆயினும் அவள் அத்தனை ஊர்களிலும் கிளை ஊன்றியது வெல்வதற்காக மட்டுமாயின், அறியேன் என்னும் சொல் அவள் நாவில் அத்துணை எளிதாக வந்திராது. தான் அறியாத ஒன்றைச் சொல்லத்தக்கார் ஒருவரைத் தேடியே அவள் நடந்திருத்தல் வேண்டும். அவ்வகையில் சாவத்தி வாயிலில் வீழ்ந்தது கிளையே அன்றி அவள் அல்லள். சாரிபுத்தர் தம்மைச் சரணடைய வேண்டா, புத்தரையே சரணடைக என்று ஆற்றுப்படுத்தினார். புத்தர் அவளைத் தம் சங்கத்தில் ஏற்றார். விரைந்து மெய்யுணர்ந்த துறவுப் பெண்டிருள் தலையாயவள் என்றும் பாராட்டினார் என்பது பாலி நூல்களின் கூற்று.

அவள் குரல்

இதுகாறும் கண்டவை பிறர் கூற்று. அவள் தன் கூற்றாக அமைந்த தேரிகாதைப் பாடல்கள் ஐந்தையும் நோக்கினால் வியப்பு மிகும். அவற்றில் மாடம் இல்லை, கள்வன் இல்லை, பாறை இல்லை, நாவற்கிளை இல்லை, சாரிபுத்தரும் இல்லை. மயிர் களைந்த தலையும், புழுதி படிந்த உடலும், ஒற்றை ஆடையுமாகத் தான் திரிந்த நாள்களை அவள் நினைவுகூர்கிறாள். குற்றமில்லாதவற்றிற் குற்றம் கண்டதையும், குற்றமுள்ளவற்றில் அதனைக் காணாமற் போனதையும் ஒப்புக்கொள்கிறாள். கழுகுமலைக் குன்றத்தில் புத்தரைக் கண்டதும், அவர் பெயர் சொல்லி அழைத்ததுமே தனக்குத் துறவாயிற்று என்கிறாள். அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் சுற்றியதையும், அந்நாட்டு மக்கள் இட்ட பிச்சையைக் கடன்படாமல் உண்டதையும் கூறுகிறாள். இறுதிப் பாடலில் தனக்கு ஆடை அளித்த இல்லறத்தான் ஒருவனை வாழ்த்துகிறாள்.

உலகம் எந்த நிகழ்ச்சியால் அவளை நினைவு வைத்திருக்கிறதோ, அந்நிகழ்ச்சியை அவள் ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை. கொலைசெய்த பெண் என்பது உரைகாரரின் குண்டலகேசி. நாடு சுற்றிய பெண், கடன்படாமல் உண்ட பெண் என்பது அவளே காட்டும் குண்டலகேசி. ஒருவர் எதனை விட்டு வந்தார் என்பதையே ஊர் ஓயாது பேசும். வந்தபின் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே வந்தவருக்குப் பெரிது. அவ்வைந்து பாடல்களின் அமைதி நமக்கு இதனை உணர்த்துகிறது.

தமிழ்க் காப்பியமும் அதன் மறைவும்

தமிழில் அவள் பெற்ற வாழ்வு வேறு. நாதகுத்தனார் இயற்றிய காப்பியத்தில் இன்று நமக்குக் கிடைப்பன பத்தொன்பது செய்யுட்களே. புறத்திரட்டு என்னும் தொகைநூலாலும் உரைநூல்களின் மேற்கோள்களாலும் அவை எஞ்சின. பெரும்பாலானவை நிலையாமையும் அறமும் கூறுவன. உடை களைதல், பனி பொறுத்தல், தீயிடை நிற்றல், சடை வளர்த்தல் முதலிய புறக்கோலங்களைப் பட்டியலிட்டு அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேசும் செய்யுள் ஒன்று அவற்றுள் உண்டு. மனித வாழ்வில் குழவிப் பருவம் இறந்தே இளமை பிறக்கிறது, இளமை இறந்தே முதுமை பிறக்கிறது, நாள்தோறும் இறக்கும் நாம் நமக்காக அழாதது ஏன் என்னும் கருத்துடைய செய்யுள் பலரும் அறிந்தது. ஒன்றை விட்டு ஒன்றாக மாறிச்சென்ற ஒரு பெண்ணின் காப்பியத்தில் அச்செய்யுள் இடம்பெற்றமை பொருத்தமே.

குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் இயற்றியது நீலகேசி. பத்துச் சருக்கமும் 894 செய்யுளும் கொண்ட அந்நூலில் ஒரு சருக்கம் குண்டலகேசியோடு நிகழும் வாதத்திற்கென்றே அமைந்தது. நாவற்கிளை ஊன்றி அறைகூவும் பெண்ணாகவே அங்கும் அவள் வருகிறாள்; பழையனூர்ப் பேயாக இருந்து சமணம் சார்ந்த நீலகேசி அவளை வெல்கிறாள். கருத்து எதுவாயினும், இரண்டு பெண்கள் அவையில் நின்று அளவை நூல்வழி வாதிடுவதாகத் தமிழ்ப்புலவர் ஒருவர் பாடியமையே தனிச்சிறப்பு. தோற்றவளாகக் காட்டவேனும், அவளைப் பேரறிவுடையவளாகக் காட்டியே தீரவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் பௌத்தம் நாளடைவில் மங்கியது. பள்ளிகள் அழிந்தன, ஏடு எழுதுவார் அருகினர். பனையோலை ஏட்டைச் சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்காவிடின் செல்லும் ஈரமும் நூலைத் தின்றுவிடும். குண்டலகேசியைப் படியெடுக்கும் கடமையுணர்வுடைய சமூகம் இல்லாமற் போனபோது காப்பியமும் போயிற்று. சமணமோ சுருங்கினும் அழியவில்லை. திருநறுங்கொண்டை போன்ற ஊர்களிலும், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளிலும் தமிழ்ச் சமணர் தம் ஏடுகளைக் காத்துவந்தனர். அவர்கள் காத்த நீலகேசியும் உரையும் 1936இல் அ. சக்கரவர்த்தி நயினாரின் பதிப்பாக வெளிவந்தன. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ மறைந்த பௌத்தத் தமிழ் நூல்களைத் தமிழர்க்கு நினைவூட்டியது.

இங்கேதான் வரலாற்றின் விந்தை உள்ளது. அவளை ஏற்றுக்கொண்ட சமயத்தார் தமிழில் அவள் நூலைக் காக்க இயலாமற் போயினர். அவள் எவரை விட்டு வெளியேறினாளோ, அவர்களே அவளை மறுக்கும் பொருட்டு அவள் கதையைத் தம் உரையில் எழுதிவைத்தனர். அம்மறுப்பின் வழியாகவே தமிழில் அவள் கதை உயிர்பிழைத்தது. பகையாக எண்ணி எழுதிய ஏடு பாதுகாப்பாக முடிந்தது.

கெடிலக்கரையில் ஓர் ஒப்பீடு

இதே நிலப்பகுதியில் சமணக் குழுவினின்று வெளியேறிய மற்றொருவரை நினைவுகூர்ந்தால் வேறுபாடு தெளிவாகும். கள்ளக்குறிச்சி நிலத்திலிருந்து கிழக்கே ஓடும் கெடிலம் திருவதிகையைத் தொட்டுக் கடலூரிற் கடலை அடைகிறது. கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிபுரம். உலோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458இல் எழுதி முடிக்கப்பெற்ற ஊர். அங்கிருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்த மருள்நீக்கியார், சூலைநோயுற்று, இரவில் வெளியேறித் திருவதிகையில் தம் தமக்கையார் திலகவதியாரை அடைந்து சைவரான வரலாற்றைப் பெரியபுராணம் விரிவாகக் கூறுகிறது. அவரே திருநாவுக்கரசர்.

இருவர்க்கும் ஒற்றுமை பல. இருவரும் சமணம் கற்றுத் தேர்ந்தவர், இருவரும் வெளியேறியவர், இருவரும் சொல்வன்மையாற் பெயர் பெற்றவர். ஆனால் நாவுக்கரசர்க்குத் திரும்பிச் செல்ல ஓர் இல்லம் இருந்தது. கதவைத் திறக்க ஒரு தமக்கை இருந்தார். அவர் பாடிய பதிகங்களுள் முந்நூறுக்கு மேற்பட்டவை இன்றும் கோயில்தோறும் ஓதப்படுகின்றன. சமணத்தில் தாம் கழித்த நாள்களைப்பற்றிய அவருடைய கழிவிரக்கமும் அவற்றிற் பதிவாகியுள்ளது. குண்டலகேசிக்குத் திறந்த கதவு இல்லை. தமிழில் அவள் குரலாக ஒரு செய்யுளும் நமக்குக் கிட்டவில்லை. ஐந்து பாடல்களைக் கேட்பதற்கும் பாலி மொழிக்குச் செல்ல வேண்டியுள்ளது. வெளியேறுதல் இருவர்க்கும் பொது. வெளியேறியவரின் சொல்லை ஏந்திக்கொள்ளும் கைகள் மட்டும் இருவர்க்கும் ஒன்றுபோல் அமையவில்லை.

கவிஞர்க்கு உரிய கடன்

ஒரு பெண் தான் வளர்ந்த காவலை விட்டு வெளிவரும்போது அவளைச் சூழ்ந்து இரண்டு குரல்கள் எழுகின்றன. விடப்பட்டோர் பழி கூறுவர். ஏற்றுக்கொண்டோர் தம் நெறியின் வெற்றி எனப் பாடுவர். குண்டலகேசியின் வரலாற்றில் இவ்விரு குரல்களும் நூல்களாகவே நிலைத்தன. இவ்விரண்டுக்கும் இடையே, எவருக்கும் உரியவள் ஆகாமல் ஊர்வாயிலில் கிளையை ஊன்றி ஏழுநாள் காத்திருந்தவளைத் தனக்குரியவளாகக் கொண்டாட எந்தச் சமயத்தாரும் முன்வரவில்லை. அவளை ஏந்திக்கொள்ளத்தக்கவை இலக்கியமும் அதனைப் பேணும் கழகங்களுமே. சமய எல்லைகளுக்கு அப்பால் நின்று ஏட்டைப் படியெடுத்துக் காக்கும் கடமை அவற்றிற்கு உண்டு.

திருநாவலூரில் நாவல் இன்றும் தலமரமாகப் போற்றப்படுகிறது. கல்வராயன் மலையின் ஓடைக்கரைகளிலும் அம்மரம் தானாக வளர்ந்து, காலம் வந்தால் கருநீலக் கனிகளை உதிர்க்கிறது. மலையூர்ச் சிறுவர் அவற்றைப் பொறுக்கித் தின்று நாவெல்லாம் நீலமாய் நிற்பர். மண்ணில் ஊன்றிய கிளையை மிதிக்கவும் சிறுவர் வேண்டும். அது எதற்காக ஊன்றப்பட்டது என்று கேட்கவும் சிறுவர் வேண்டும். கேட்கும் சிறுமியர்க்கு விடைகூறும் வகையில் குண்டலகேசியின் வரலாறு மீண்டும் தமிழிற் பாடப்பெறுமாயின், செல்லரித்துப்போன காப்பியத்தின் ஓர் ஏடேனும் மீண்டதாகும்.